எரிந்த கட்சி, எரியாத கட்சி: தீயும் கோளும் மறுபிறப்பும்

மாசி அமாவாசை கழிந்து காமன் நட்டுவிட்டால் தஞ்சை வட்டாரத்து ஊர்களில் இராத்தூக்கம் கெடும். ஆமணக்குக் கொம்பும் கரும்பும் வைக்கோலுமாகத் திடலில் நிற்கும் காமனுக்கு முன்னால் இரண்டு குழுக்கள் எதிரெதிரே உட்காரும். டேப்பைத் தட்டிக்கொண்டு ஒரு குழு பாடும்: சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்தான். மறு குழு எழுந்து மறுத்துப் பாடும்: எரியவில்லை. மராத்தியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த இந்த லாவணிக்கு ஊரார் வாயில் இன்னொரு பெயரும் உண்டு: எரிந்த கட்சி, எரியாத கட்சி. புராணம், தத்துவம், நையாண்டி, எதிராளியின் பாட்டில் இலக்கணப் பிழை என்று எதையும் விட்டுவைக்காமல் விடிய விடிய வாதம் நடக்கும். பௌர்ணமியன்று காமனைக் கொளுத்தியும் விடுவார்கள். அதற்காக எரியாத கட்சி தோற்றுவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

அந்த வாதத்துக்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. காமன் எரிந்தான் என்றே வைத்துக்கொள்வோம். இரதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவன் அவனுக்கு உயிர் தந்தபோது எழுந்து வந்தவன் யார்? கந்தபுராணக் கதைப்படி அவன் இரதி கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன். மற்றவர்க்கு உருவிலி, அனங்கன். எரிந்ததுதான் எழுந்ததா, வேறொன்று எழுந்து அதன் பெயரை வைத்துக்கொண்டதா?

தீயில் அழிந்து மீண்டும் பிறத்தல் என்ற எண்ணம் உலகின் பல பண்பாடுகளில் உண்டு. அதைக் கோள்களோடு இணைத்ததும் பல இடங்களில் நடந்திருக்கிறது. இன்றைய வானியல் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் 'சாம்பலிலிருந்து பிறந்த கோள்', 'விண்மீனின் மறுபிறப்பு' என்ற தொடர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. பழைய தொன்மத்தை அறிவியல் உறுதிப்படுத்திவிட்டது என்று கொண்டாடுவோரும் உண்டு. இந்த இணைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பழைய சிந்தனையில் கோள், உலகத் தீ எப்போது மூளும் என்று காட்டும் கடிகாரம். இன்றைய அறிவியலில் கோள், முன்பே எரிந்த ஒன்றின் சாம்பல். இந்த இடமாற்றத்தில் மறுபிறப்பு என்ற சொல்லின் பொருளும் மாறிவிட்டது என்பது கட்டுரையின் வாதம்.

தீ பின்னால் வந்தது

மறுபிறப்பு என்றதும் நினைவுக்கு வருவது ஃபீனிக்ஸ். தேர்தலில் தோற்ற கட்சி அடுத்த முறை வென்றால் நம் தலைப்புச் செய்தி எழுதுவோருக்கு அந்தப் பறவையை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் அந்தப் பறவையின் மிகப் பழைய விரிவான குறிப்பில் தீயே கிடையாது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எரோடோட்டசு தம் வரலாற்றின் இரண்டாம் நூலில் எகிப்தைப் பற்றி எழுதும்போது ஃபீனிக்ஸைக் குறிப்பிடுகிறார். அதைப் படத்தில்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டு, கேள்விப்பட்டதைச் சொல்கிறார். 500 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பறவை அரேபியாவிலிருந்து வருமாம். வெள்ளைப்போளத்தால் முட்டை போன்ற உருண்டை செய்து, அதனுள் இறந்த தன் தந்தையை வைத்து, கதிரவனின் நகரான எலியோபோலிசுக்குத் தூக்கிச் செல்லுமாம். கதை தமக்கு நம்பும்படி இல்லை என்றும் சேர்த்துவிடுகிறார். ஆக, எரோடோட்டசிடம் ஒரு மகனின் இறுதிக்கடன் இருக்கிறது; சிதைத்தீ இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்து ஓவிட் எழுதும்போது நறுமணப் பொருள்களாலான கூடு வருகிறது. அதில் தந்தைப்பறவை இறக்க, குஞ்சு எழுகிறது. நெருப்பு தெளிவாக நுழைவது கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானியக் கவிதைகளில்தான்.

அப்படியானால் தீ வருவதற்கு முன் அந்தப் பறவை எதற்காக இருந்தது? பதில் எண்களில் கிடக்கிறது. கி.பி. 34இல் எகிப்தில் ஃபீனிக்ஸ் தோன்றியதாகக் கூறும் தாசிட்டசு, அதன் ஆயுள் 500 ஆண்டு என்போரும் 1461 ஆண்டு என்போரும் உண்டு என்கிறார். 1461 சும்மா வந்த எண் அன்று. எகிப்தியர் ஆண்டுக்கு 365 நாள் மட்டும். கால் நாள் கணக்கில் சேரவில்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிசகி, அந்த நாட்காட்டி பருவங்களோடு மறுபடி ஒத்துப்போக 1461 எகிப்திய ஆண்டுகள் ஆகும். பிளினியோ, மேனிலியசு என்ற செனட் உறுப்பினரை மேற்கோள் காட்டி, பறவையின் ஆயுளும் விண்மீன்கள் பழைய நிலைக்குத் திரும்பும் பேராண்டும் ஒன்று என்கிறார். கி.பி. 47இல் உரோமுக்கு ஒரு ஃபீனிக்ஸ் கொண்டுவரப்பட்டு மக்கள் மன்றத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டதையும், அது போலி என்பதில் யாருக்கும் ஐயமில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

எகிப்தியரின் பெனு என்ற நாரை வடிவப் பறவைதான் ஃபீனிக்ஸாயிற்று என்ற கருத்து பரவலானது. எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமை இல்லை. நம் கேள்விக்கு வேண்டியது வேறு. ஃபீனிக்ஸ் முதலில் ஒரு கால அளவு. வானம் ஒரு சுற்று முடித்ததைச் சொல்லும் பறவை. எரிவது பின்னால் ஒட்டியது.

கோள்கள் கூடும் நாள்

கால அளவையும் தீயையும் ஒரே கொள்கையாகப் பின்னியவர்கள் கிரேக்கத் தத்துவவாதிகள். 'திமையசு' என்ற உரையாடலில் பிளேட்டோ, கோள்கள் எல்லாம் தம் சுற்றுகளை முடித்து ஒருசேரத் தொடக்க நிலைக்கு வரும் முழு ஆண்டைப் பற்றிப் பேசுகிறார். சீனோவும் கிரிசிப்பசும் வளர்த்த ஸ்டோயிக் மரபு, உலகம் குறித்த கால இடைவெளிகளில் முழுதாகத் தீயில் கரைந்து மறுபடி உருவாகிறது என்றது. கோள்கள் பழைய இடங்களுக்குத் திரும்பும்போது உலகம் எரியும், பிறகு எல்லாம் அப்படியே மீளும் என்று ஸ்டோயிக்குகள் நம்பியதாக கி.பி. 4ஆம் நூற்றாண்டு நெமிசியசு பதிவு செய்கிறார். அப்படியே என்றால் அச்சு அசலாக: அதே சாக்ரடீசு, அதே பிளேட்டோ, அதே நண்பர்கள். உள்ளிருந்தே எதிர்ப்பும் கிளம்பியது; பனீசியசு என்ற ஸ்டோயிக் இந்த உலகத் தீக் கொள்கையை ஏற்கவில்லை. எரியாத கட்சி எங்கும் உண்டு.

செனெக்கா இன்னும் துல்லியமான ஒரு வாய்பாட்டைத் தருகிறார். பாபிலோனியப் பூசாரி பெரோசசு சொன்னதாக அவர் எழுதுவது இது: கோள்கள் அனைத்தும் கடகத்தில் ஒரே கோட்டில் கூடினால் உலகம் எரியும், மகரத்தில் கூடினால் வெள்ளத்தில் மூழ்கும். கோடைத் திருப்பத்தில் தீ, குளிர்காலத் திருப்பத்தில் நீர் என்ற கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாபிலோனியக் களிமண் பலகைகளில் இத்தகைய உலகத் தீக் கொள்கை தெளிவாகக் கிடைக்கவில்லை. கிரேக்கச் சரக்கு பெரோசசின் பெயரில் விற்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுறுவதற்கு இடமிருக்கிறது. கிழக்கின் பழமையைச் சான்றுக்கு இழுக்கும் பழக்கம் அன்றே இருந்தது போலும்.

இந்திய மரபிலும் கோள்கூட்டம் ஊழியின் எல்லைக்கல்தான். சித்தாந்த நூல்களின் கணக்கில் கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரியில், கோள்களின் சராசரி நிலைகள் மேடத்தின் தொடக்கத்தில் ஒன்றுகூடியபோது பிறந்தது. நான்கு யுகங்கள் சேர்ந்து 43,20,000 ஆண்டுகள். அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஒரு கற்பம். கற்ப முடிவில் உலகம் எரியும். அந்த 3102 உண்மையில் யாராவது கண்ணால் பார்த்த நிகழ்வா?

இக்கேள்வி ஐரோப்பாவைக் கலக்கியதற்குக் காரணம் புதுச்சேரி. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், 1761இல் போர்ச்சூழலால் கரையிறங்க முடியாமல் கடலிலேயே அந்நாளைக் கழித்தார். அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. மனிதரின் நல்வினை, காத்திருந்த காலத்தில் தமிழர்களின் கிரகணக் கணக்குமுறையைக் கற்றிருந்தார். அவர் எடுத்துச் சென்ற அட்டவணைகளையும் வேறு சிலவற்றையும் வைத்துக்கொண்டு பாயீ என்ற அறிஞர் 1787இல் ஒரு பெருநூல் எழுதி, 3102ஆம் ஆண்டுக் கோள்கூட்டம் நேரில் பார்த்துக் குறிக்கப்பட்டதே என்று வாதிட்டார். லாப்லாசு ஏற்கவில்லை. பின்னாளைய கணக்கீடுகள் லாப்லாசின் பக்கமே நின்றன: அந்த நாளில் கோள்கள் பல பத்துப் பாகைகள் விரிந்து கிடந்தன. பிற்கால வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு வைத்த தொடக்கப்புள்ளிதான் 3102.

ஊழி முடிவுக் கணக்கு பொய்த்தாலும் அதைத் தாங்கிய கைவினை பொய்யன்று. 1825இல் ஜான் வாரன் என்ற வானியலாளர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். தாளில்லை, எழுத்தில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணை எண்களைச் சொற்களாக மனப்பாடமாய் ஒப்பித்துக்கொண்டே, வரவிருந்த மே 31 நள்ளிரவுச் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக்காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகு. வானியல் வரலாற்றாசிரியர் நியூகெபவர் 1952இல் இந்தப் பதிவை விரிவாக ஆராய்ந்து, பண்டைய பாபிலோனியக் கணக்குமுறையின் கடைசிக் கண்ணி இதுவாக இருக்கலாம் என்று கண்டார். சோழி நகர்த்திய அந்த மனிதருக்கு வானக் கொள்கை எதுவும் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கடிகாரம் செய்யத் தெரிந்தவர்தான் மணி பார்க்க வேண்டும் என்று விதியில்லையே.

அந்தக் கடிகாரம் இன்றும் ஓடும் இடம் கும்பகோணம். ஊழிவெள்ளத்தில் படைப்பின் வித்துகளோடு மிதந்து வந்த குடம் தங்கிய ஊர் என்பது தலபுராணம். வியாழன் சிம்மத்தில் இருக்கும் மாசி மகத்தன்று மகாமகம்: 2004, 2016, அடுத்தது 2028. வியாழன் கதிரவனைச் சுற்றிவர 11.86 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஏழு சுற்றுக்கு 84 ஆண்டு ஆக வேண்டிய கணக்கு 83இல் முடிந்துவிடும். எனவே எப்போதாவது இரு மகாமகங்களுக்கு இடையில் 11 ஆண்டே வரும். ஊழியிலிருந்து உலகம் மீண்டதை நினைவூட்ட ஒரு கோளை நியமித்த பிறகு அதன் சொந்த நடைக்குக் கட்டுப்படத்தானே வேண்டும்.

தமிழ் வானத்தின் தீ

பழந்தமிழ்ப் பாடல்களில் கோளும் தீயும் வேறு விதமாகச் சந்திக்கின்றன. பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், புறநானூற்று 117ஆம் பாடலில் மூன்று கெட்ட குறிகளை அடுக்குகிறார்: மைம்மீன் எனப்படும் சனி புகைவது, வால்மீன் தோன்றுவது, வெள்ளி தென்புறம் ஓடுவது. இவை நேர்ந்தாலும் பாரியின் நாடு வளம் குன்றாது என்பது பாட்டின் போக்கு. சனி புகைவது என்றால் என்ன? சனி சில இராசிகளில் புகுவது என்று பொருள் கொள்வது மரபு. எப்படியானாலும் வானத்துப் புகை மண்ணில் பஞ்சமாக இறங்கும் என்ற நம்பிக்கை தெளிவு. அதே தொகையின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், பங்குனி இரவொன்றில் தீப்பரப்பி விழுந்த ஒரு மீனைப் பார்த்து அஞ்சி, நாள் எண்ணுகிறார். ஏழாம் நாள் சேரமன்னன் இறந்துபோகிறான். நாள்மீன்கள் எது உச்சியில், எது சாய்வில் என்பதையெல்லாம் அவர் பதிவு செய்திருப்பதைப் பார்த்தால், கையறுநிலைப் பாட்டுக்குள் ஒரு வானோக்கரின் குறிப்பேடு ஒளிந்திருப்பது தெரியும்.

தமிழின் மிகப் பெரிய எரிப்புக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், இன்ன திங்கள், இன்ன பக்கம், வெள்ளிக்கிழமை, அட்டமி, அழல் எனப்பட்ட கார்த்திகை நாள்மீன் சேர்ந்த அன்று மதுரை எரியும் என்று ஒரு பழைய உரை இருந்ததாக மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. தீக்கடவுளுக்குரிய நாள்மீனில் தீ. இந்தக் குறிப்பைக் கொண்டு எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை காப்பியத்தை கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். வேறு பலர் மறுத்து முன்னே தள்ளினர். காலக் கணிப்பு வழக்கு எப்படி முடிந்தாலும், இங்கும் வானம் தீயைத் தூண்டவில்லை, நேரத்தைத்தான் சொன்னது என்பதைக் கவனிக்கலாம்.

இவை எவற்றிலும் மறுபிறப்பு இல்லை. பரிபாடலின் இரண்டாம் பாடல் மட்டும் ஊழிகளின் வரிசையைப் பேசுகிறது: வெளி, காற்று, தீ, மழைநீர், பிறகு வெள்ளத்திலிருந்து மேலெழும் நிலம். அங்கே தீ அழிவின் முடிவாக நிற்காமல், உருவாக்கத்தின் நடுவே ஒரு கட்டமாக நிற்கிறது. இதை எடுத்துக்கொண்டு 'சங்கப் புலவர் பெருவெடிப்பை அறிந்திருந்தார்' என்று மேடையில் முழங்குவோர் ஏராளம். அறிந்திருக்கவில்லை. ஐம்பூதங்களின் வரிசையை அவர் அடுக்கினார். அந்த அடுக்கின் அழகுக்கு இயற்பியல் நற்சான்று தேவையில்லை.

பௌத்த மரபு இன்னொரு கோணம் தருகிறது. அங்குத்தர நிகாயத்தின் ஏழு சூரியன் சூத்திரத்தில், உலக முடிவில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கதிரவன்கள் தோன்றுகின்றன. ஆறு வற்றுகிறது, கடல் வற்றுகிறது, மேருவே பற்றி எரிகிறது. நெய்யோ எண்ணெயோ எரிந்தால் சாம்பலும் மிஞ்சாது, கரியும் மிஞ்சாது. உலகமும் அப்படியே எரிந்துபோகும் என்கிறது அந்நூல். சாம்பல் மிஞ்சாத தீ. இந்த ஒரு நுட்பத்தை நினைவில் வைத்துக்கொண்டு அறிவியல் பக்கம் போகலாம்.

துருவும் எரிமலைக்குழம்பும்

செவ்வாய்க்கு வடமொழியில் அங்காரகன். அங்காரம் என்றால் தணல். கிரேக்கரும் அதைத் தீயன் என்ற பொருளில் பைரோயிஸ் என்றார்கள். வைத்தீசுவரன் கோயிலில் இன்றும் அங்காரகனுக்குச் சிவப்புத் துணி சாத்துகிறார்கள். அந்தத் தணலின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே சுமார் 60 பாகை செல்சியசு. சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு. 2025இல் வந்த ஓர் ஆய்வு, அந்தத் துரு வறண்ட எமடைட் வகையாக இராமல், குளிர்ந்த நீரில் உருவாகும் ஃபெரிஹைட்ரைட் வகையாக இருக்கலாம் என்கிறது. ஆய்வு நிலைத்தால், இரண்டு நாகரிகங்கள் தீ என்று பெயரிட்ட நிறம் நீர் விட்டுச்சென்ற தடயம் என்றாகும்.

உண்மையிலேயே எரிந்த கோள் வெள்ளி. மேற்பரப்பில் 460 பாகைக்கு மேல் வெப்பம். 1990 முதல் 1994 வரை மெகல்லன் விண்கலம் ரேடாரால் அதைப் படமெடுத்தபோது ஒரு புதிர் எழுந்தது. விண்கற்கள் மோதிய குழிகள் ஆயிரத்துக்கும் குறைவு. அவையும் ஒருபக்கமாகக் குவியாமல் எங்கும் சீராகத் தெளிக்கப்பட்டிருந்தன. பெரும்பாலானவை எரிமலைக்குழம்பு மூடாமல் புதிதுபோல் இருந்தன. கோளின் வயது 450 கோடி ஆண்டு என்றால் முகத்தின் வயது சில பத்துக் கோடி மட்டும். ஜெரால்டு ஷேபரும் அவர் குழுவும் 1992இல், பின்னர் ராபர்ட் ஸ்ட்ராம் 1994இல், கோள் முழுவதும் குறுகிய காலத்தில் எரிமலைக்குழம்பால் மூடப்பட்டுப் புதுமுகம் பெற்றது என்றனர். ரோஜர் பிலிப்சும் உடன் உழைத்தவர்களும் அதே 1992இல் மறுத்தார்கள்: துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி, மெல்லப் புதுப்பிக்கப்பட்டாலும் இதே குழிப்பரவல் கிடைக்கும். எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் முப்பது ஆண்டாகப் பாடிக்கொண்டிருக்கின்றன. 2023இல் ஹெரிக்கும் ஹென்சிலியும் பழைய மெகல்லன் படங்களையே மறுபடி புரட்டி, மாட் மலைக்கருகே ஓர் எரிமலைவாய் 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையில் அகன்று உருமாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நெருப்பு இன்னும் அணையவில்லை என்பதற்கு அது சான்று. ஊழித்தீயா, அன்றாட அடுப்பா என்பதற்கு அது மட்டும் போதாது.

வைக்கோற்போரைக் கொளுத்தியவர்கள்

கோளே சாம்பல் என்ற எண்ணத்துக்கு வித்திட்டது அணுக்கரு இயற்பியல். 1957இல் பர்பிட்ஜ் தம்பதியரும் ஃபவுலரும் ஹாயிலும் எழுதிய நீண்ட கட்டுரை, ஹைட்ரஜன், ஹீலியம் போன்ற எளிய தனிமங்களை விட்டால் மற்றவை பெரும்பாலும் விண்மீன்களின் உட்புறத்திலும் அவற்றின் வெடிப்பிலும் உருவானவை என்று விளக்கியது. செவ்வாயின் துருவிலுள்ள இரும்புக்கும் ஊர் அதுதான். அந்த இரும்பில் பெரும்பங்கு, வெண்குறுமீன்கள் வெடித்தபோது உருவானது. ஒரு வெண்குறுமீன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்ற வரம்பை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர் அந்தப் பயணத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். இன்றைய மதிப்பு கதிரவனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அந்த வரம்பை நெருங்கிய சில விண்மீன்கள் வெடித்த மிச்சத்தைத்தான் வைத்தீசுவரன் கோயிலில் அங்காரகன் என்று வலம் வருகிறோம்.

இது கோட்பாடு. சாம்பலைக் கையில் எடுத்துப் பார்க்க முடியுமா? 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே ஒரு விண்கல் துண்டுகளாக விழுந்தது. சிகாகோ ஆய்வாளர்கள் அதன் துண்டைப் பொடியாக்கினார்கள். பொடி பசைபோல் ஆனபோது அழுகிய வேர்க்கடலை வெண்ணெயின் நாற்றம் அடித்ததாம். பிறகு அமிலங்களில் ஊறவைத்து, கரைவதையெல்லாம் கரைத்து நீக்கினார்கள். ஊசியைத் தேடுவதற்காக வைக்கோற்போரையே கொளுத்துவது என்று சிகாகோ ஆய்வாளர் எட்வர்ட் ஆண்டர்சு இந்த முறையை வேடிக்கையாக விவரித்ததுண்டு. எல்லாம் போனபின் அடியில் தங்கியவை சிலிக்கன் கார்பைடு மணிகள். பெரியவையே தலைமுடியின் பருமனுக்குக் குறைவு. அவற்றின் ஐசோடோப்பு விகிதங்கள் கதிரவக் குடும்பத்தில் வேறெதிலும் காணாதவை. 2020இல் பிலிப் ஹெக் குழுவினர், அண்டக்கதிர் பட்டு மணிகளுக்குள் சேர்ந்த நியான் அணுக்களை எண்ணி வயது கணித்தார்கள். மூத்தவற்றின் வயது சுமார் 700 கோடி ஆண்டு. கதிரவனுக்கு வயது 460 கோடி.

அந்தப் பௌத்த நூல் சொன்னதற்கு மாறாக, சாம்பல் மிஞ்சியிருக்கிறது. அதுவும் உருகாமல், கலக்காமல், தன் பிறப்பிடத்தின் அடையாளத்தோடு. ஃபீனிக்ஸ் உவமையும் இங்கேதான் தடுமாறுகிறது. ஒரு விண்மீன் எரிந்து அதே விண்மீன் எழவில்லை. பல விண்மீன்களின் சாம்பல் ஒரு மேகத்தில் கலந்து, அதிலிருந்து முன்பின் அறியாத ஒரு கதிரவனும் கோள்களும் திரண்டன.

பூமி எரியுமா?

எதிர்காலத் தீயைப் பற்றியும் இரண்டு கட்சி உண்டு. சுமார் 500 கோடி ஆண்டுக்குப் பின் கதிரவன் செம்பெருமீனாக வீங்கத் தொடங்கும். அதற்கு வெகு முன்னரே, இன்னும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டில், அதன் ஒளி கூடிக்கொண்டே போவதால் பூமியின் கடல்கள் ஆவியாகத் தொடங்கிவிடும் என்பதால் பார்க்க யாரும் இருக்கப்போவதில்லை. ஆனாலும் பூமி விழுங்கப்படுமா என்ற கேள்வி வானியலாளர்களைத் தூங்கவிடவில்லை. சாக்மனும் அவருடன் எழுதிய இருவரும் 1993இல், கதிரவன் பொருண்மையை இழக்க இழக்கப் பூமியின் பாதை அகன்றுகொண்டே போகும், புதன் மட்டுமே விழுங்கப்படும் என்றனர். ஷ்ரோடரும் ஸ்மித்தும் 2008இல் மறுத்தார்கள்: பாதை அகல்வது உண்மைதான், ஆனால் ஓத விசை பூமியைப் பின்னுக்கு இழுக்கும், சுமார் 760 கோடி ஆண்டு கழித்துப் பூமி கதிரவனுக்குள் போய்விடும்.

வழக்கு நம் வீட்டில் முடியாததால் சாட்சிகளை வெளியே தேடுகிறார்கள். 2020 மே மாதம், 12,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு விண்மீன் பத்து நாளில் நூறு மடங்கு ஒளிர்ந்தது. கிஷாலய் டே குழுவினர் 2023இல், ஒரு கோள் விழுங்கப்படுவதை முதன்முதலாக நேரில் பார்த்தோம் என்று அறிவித்தார்கள். விண்மீன் வீங்கிக் கோளை எட்டியது என்பது அப்போதைய விளக்கம். 2025இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கித் தரவு வந்ததும் விளக்கம் புரண்டது: விண்மீன் பெரிதாக வீங்கவில்லை, கோள்தான் சுற்றுப்பாதை சுருங்கிச் சுருங்கிப் போய் விழுந்திருக்கிறது. அடுப்பு பெரிதாகவில்லை, விறகு தானே நகர்ந்து போயிருக்கிறது.

எரியாத கட்சிக்கும் சாட்சி கிடைத்தது. 2024இல் வெளியான ஆய்வொன்றின்படி, சுமார் 4,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு வெண்குறுமீனை, பூமியைப்போல் இருமடங்குக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள ஒரு கோள் சுற்றிவருகிறது. அதன் தாய்மீன் வீங்கி அடங்கியபின்னும் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. வேறு பல வெண்குறுமீன்களின் நிறமாலையிலோ கால்சியமும் இரும்பும் தெரிகின்றன. அவை அங்கே இருக்கக்கூடாதவை. உடைந்த கோள்களும் குறுங்கோள்களும் மேலே கொட்டியவை. 1917இல் வான் மானன் மீன் என்ற வெண்குறுமீனின் நிறமாலைத் தகட்டிலேயே இத்தகைய கறை பதிந்திருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரை அதன் பொருள் யாருக்கும் விளங்கவில்லை.

மறுபிறப்பு என்ற சொல்

ஸ்டோயிக்குகளின் மறுபிறப்புக்கு ஒரு கட்டாயம் உண்டு: எல்லாம் அச்சு அசலாகத் திரும்ப வேண்டும். விண்வெளியில் அது நடப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறை விண்மீனும் மேகங்களில் கனத்த தனிமங்களைக் கூட்டிவிட்டுப் போகிறது. ஹைட்ரஜன் குறைந்துகொண்டே வருகிறது. பேரண்டத்தில் விண்மீன்கள் பிறக்கும் வேகம் சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் உச்சத்தில் இருந்தது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. கதிரவன் மாளும்போதும் தன் எடையில் ஏறத்தாழப் பாதியை வெண்குறுமீனாகப் பூட்டிவைத்துக்கொண்டுதான் மாளும். அந்தப் பாதி எந்தப் புதிய கோளுக்கும் போய்ச் சேராது. சுற்று என்று நாம் சொல்லிக்கொள்வது ஒருவழிப் பாதை. திரும்பி வரும் பேருந்து கிடையாது.

அதனால் 'நாம் விண்மீனின் மறுபிறப்பு' என்ற வாசகம் சுவரொட்டிக்கு அழகே தவிர, துல்லியமானதன்று. மறுபிறப்பு என்று சொல்ல எரிந்ததற்கும் எழுந்ததற்கும் அடையாளம் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே கைமாறுவது பொருள். பரம்பரைச் சொத்தைப் போல, யார் யாரிடமிருந்தோ சேர்ந்து. பழைய நூல்களில் இதற்கு நெருங்கிய உவமை ஃபீனிக்ஸிடம் இல்லை. 'மிலிந்த பன்ஹா'வில் இருக்கிறது. முதற்சாமத்தில் எரிந்த விளக்கின் சுடரும் கடைச்சாமத்துச் சுடரும் ஒன்றா என்று நாகசேனர் அரசன் மிலிந்தனிடம் கேட்கிறார். ஒன்றே என்பதுமில்லை, வேறு என்பதுமில்லை, ஒன்றைப் பற்றி ஒன்று எரிகிறது. நாகசேனர் அணுக்கரு இயற்பியல் அறிந்தவர் என்று இதற்குப் பொருளாகாது. தொடர்ச்சி வேறு, அடையாளம் வேறு என்ற பாகுபாட்டை அவர் கூர்மையாகப் பிடித்திருந்தார். நம் அறிவியல் எழுத்தாளர்கள் அடிக்கடி தவறவிடுவது அதைத்தான்.

மர்ச்சிசன் மணிகளுக்கு வயதைச் சொல்ல முடிகிறது. எவ்வகை விண்மீனில் உறைந்தவை என்றும் பெரும்பாலும் சொல்ல முடிகிறது. எந்த விண்மீன் என்று மட்டும் கை காட்ட முடியாது. அவற்றை உமிழ்ந்தவை அணைந்து, பல நூறு கோடி ஆண்டுகளாகப் பால்வெளியைச் சுற்றி எங்கோ போய்விட்டன. சிகாகோ ஆய்வகக் குப்பியில் இருப்பது மணி. அதை உருவாக்கிய மீனுக்கு வானத்தில் இடமுமில்லை, பெயருமில்லை.